டி.சி. வாங்குவதற்கு முன்: வடசென்னைப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

ஏப்ரல், மே வந்தால் என்னிடம் வரும் கேள்வி இது: "பையனுக்கு ஸ்கூல் பிடிக்கவே இல்லை. ஆனா தானாவே என்னென்னமோ கத்துக்கிறான். டி.சி. வாங்கிட்டு வீட்லயே படிக்க வைக்கலாமா?" கேட்பவர்கள் திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்துக்காரர்கள். சிலருடைய பிள்ளை கேரமோ பாக்ஸிங்கோ ஆடுகிறது, பயிற்சிக்கு நேரம் போதவில்லை. வடசென்னைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. சிலருடைய பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதே பாடு, வகுப்பில் தினமும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னும் சிலருக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டி மாளவில்லை.

பள்ளிக்கு வெளியே கற்பதைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் தனி அறையும் புத்தக அலமாரியும் உள்ளவர்கள். பகலில் வீட்டில் இருக்கும் ஒரு பட்டதாரியும் அவர்களுக்கு உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் குடியிருப்பு வாரியத்தின் ஒற்றை அறை வீட்டில் கணக்கு வேறு மாதிரி வரும். அதனால் நம் வீடுகளை வைத்து எடை போட்டிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14 வயது வரை பிள்ளையின் பெயர் பள்ளியில் இருக்கட்டும். தானாகக் கற்க மாலையையும் விடுமுறையையும் மீட்டுக் கொடுங்கள். 14-க்கு மேல் மாற்று வழிகள் நிறைய உண்டு, அப்போது துணிந்து யோசிக்கலாம். விதிவிலக்குகளும் இருக்கின்றன, அந்தந்த இடத்தில் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, பகல் 10 மணியிலிருந்து 3 மணி வரை வீட்டில் யார்? பாட்டி இருக்கிறார் என்றால் பாதுகாப்பு இருக்கிறது, அவ்வளவுதான். பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தேட உடன் உட்காரும் பெரியவர் வேண்டும். தானாகக் கற்கும் பிள்ளைக்குப் பெரியவர் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இன்னும் அதிகமாகத் தேவை.

இரண்டாவது, சான்றிதழ். 10, 12 சான்றிதழ் எந்த வாரியத்தினுடையது, அதை வைத்து எந்தக் கல்லூரி, எந்த வேலை என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, பணம். கட்டுவதை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், பள்ளியை விட்டால் இழப்பதை யாரும் போடுவதில்லை. நான்காவது, பகலில் பழக நண்பர்கள். ஐந்தாவது, ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வர வழி இருக்கிறதா என்பது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக் கல்வியை அது வெளிப்படையாக அனுமதிக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால் 14 வரை திரும்பி வரும் வழி உறுதியாக இருக்கிறது.

## பள்ளியிலேயே இருந்து, மாலையை மீட்பது

இதை ஒரு வழியாகவே யாரும் கருதுவதில்லை. நான் முதலில் சொல்லும் வழி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாநகராட்சிப் பள்ளி என்றால் கரும்பலகையும் மனப்பாடமும்தான் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான், எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷி வேலிப் பள்ளியின் முறையை ஒட்டி, பாடங்களை அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படி போல அமைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தன் அட்டையை எடுத்துத் தரையில் உட்கார்ந்து படித்தது. பின்னர் அது மாநிலம் முழுக்கப் போனது. இன்று இருபதுகளின் பின்பாதியில் இருக்கும் நம் பகுதிப் பெற்றோர் பலர் அப்படிப் படித்தவர்கள்தான். பிள்ளை தன் வேகத்தில் கற்பது பணக்காரப் பள்ளிகளின் சொத்து இல்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

பள்ளியை விட்டால் என்னென்ன போகும்? 5-ஆம் வகுப்பு வரை காலை உணவு, அப்புறம் மதிய உணவு, பாடநூல், பஸ் பாஸ், மேல்நிலையில் சைக்கிள். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவைதான் பெரியவை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் அதே 6 முதல் 12 என்ற நிபந்தனைதான். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. 8-ஆம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வில் தேறினால் 9 முதல் 12 வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய்.

7-ஆம் வகுப்பில் ஒரே ஒரு வருஷம் வீட்டில் வைத்துவிட்டு 8-ல் திரும்பச் சேர்த்தாலும், அந்த ஒரு வருஷத்துக்கு உங்கள் கையில் பள்ளிச் சான்று இருக்காது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20% ஒதுக்கீட்டுக்கும் 1-ஆம் வகுப்பிலிருந்தே பள்ளிச் சான்று வேண்டும். வீட்டில் படித்த வருஷத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

சரி, மாலையை மீட்பது என்றால் என்ன? டியூஷனை நிறுத்துங்கள். குறைந்தது 8-ஆம் வகுப்பு வரை. பள்ளி முடிந்து வந்த பிள்ளையை மறுபடி 5 மணியிலிருந்து 8 மணி வரை இன்னொரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தானாகப் படிக்க ஆர்வமே இல்லை என்று சொல்வது நியாயமில்லை. அந்த மூன்று மணி நேரம் பிள்ளையுடையதாக இருக்கட்டும். டியூஷனுக்குக் கட்டும் பணத்தில் மாதம் ஒரு புத்தகம், ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு பஸ் பயணம் என்று பிள்ளையே முடிவு செய்யட்டும்.

வீட்டில் இடமில்லை என்பார்கள். நூலகம் இருக்கிறது. கொளத்தூர் அகரம் ஜெகநாதன் தெருவில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி உட்கார்ந்து படிக்கும் இடங்களும் வந்திருக்கின்றன. வில்லிவாக்கத்தில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

கோடை விடுமுறையை நாம் கவனிப்பதே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்கள். காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பின்னுவார்கள். இயந்திரத்தில் ஆசை உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடசாலையை எந்தக் கட்டணப் பள்ளியும் தராது. தெரிந்த ஒரு படகுக்காரரிடம் சொல்லி, பிள்ளையை நோட்டோடு உட்கார விடுங்கள். பார்க்க, கேட்க, வரைய மட்டும். வேலை வாங்க இல்லை.

இந்த வழியிலும் மறைவான விலை உண்டு. மாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பகலில் பள்ளி பிள்ளையை அடிக்கிறது, அவமானப்படுத்துகிறது என்றால் இது உதவாது. அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. தலைமையாசிரியரிடம் பேசுங்கள், பலிக்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். அப்புறமும் மாறவில்லையா, பள்ளியை மாற்றுங்கள். பக்கத்திலேயே இன்னொரு மாநகராட்சிப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருக்கும். பலர் இந்தப் படியைத் தாண்டி நேராக வீட்டுக் கல்விக்குப் போய்விடுகிறார்கள்.

வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு ஒன்று. அரசு மருத்துவக் குழுவின் சான்று இருந்தால் மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்விலேயே கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. இவற்றுக்காகப் பள்ளியை விட வேண்டியதில்லை.

## வீட்டில் படித்து என்.ஐ.ஓ.எஸ். எழுதுவது

என்.ஐ.ஓ.எஸ். என்பது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல் தொடங்கியது, மத்திய அரசினுடையது. 10-ஆம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும், 12-க்கு 15 வயது. ஐந்து பாடங்கள், ஐந்து வருஷங்கள், ஒன்பது தேர்வு வாய்ப்புகள். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பாடம் என்று பிரித்து எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை தேர்வு. 10-ஆம் வகுப்பைத் தமிழிலும் எழுதலாம். ஓவியம், மனையியல் போன்ற பாடங்களும் உண்டு, கணிதம் கட்டாயமில்லை. பிள்ளையின் வேகத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் வாரியம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இதன் விலைகளையும் பார்ப்போம். கணிதம் வேண்டாம் என்று விட்ட பிள்ளை பின்னால் ஐடிஐ ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பக்கம் போக முடியாது, அங்கே 10-ல் கணிதமும் அறிவியலும் கேட்பார்கள். தமிழை ஒரு பாடமாக எடுக்காமல் விடுவதும் தவறு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் காத்திருக்கிறது. மாநில அரசு வேலை மனத்தில் இருந்தால், அந்தந்த வேலைக்கான அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். 10 முடித்த பின் 12 சான்றிதழுக்கு இரண்டு வருஷ இடைவெளியும் வேண்டும், சீக்கிரம் முடித்துவிடலாம் என்பது நடக்காது. நீட் எழுத முடியுமா என்ற பழைய பயம் மட்டும் இப்போது வேண்டாம், திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு அந்தத் தடை நீங்கிவிட்டது.

பெரிய விலை இடைத்தரகர்கள். பதிவு ஆன்லைனில், நேரடியாக நீங்களே செய்யலாம். அரசுக்குக் கட்டுவது சில ஆயிரங்களோடு முடியும். ஆனால் "நாங்க பார்த்துக்கிறோம், பாஸ் கியாரண்டி" என்று பல்லாயிரம் கேட்கும் சென்டர்கள் இருக்கின்றன. பெயர் மட்டும் ஒத்துப்போகும் போலி வாரியங்களும் உண்டு. கியாரண்டி என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்? 14 தாண்டியவர், விளையாட்டிலோ கலையிலோ நாளுக்கு ஐந்தாறு மணி நேரப் பயிற்சி உண்மையிலேயே இருப்பவர், பகலில் உடனிருக்க ஒரு பெரியவர் உள்ளவர். நோய்க்காக அடிக்கடி மருத்துவமனை போகும் பிள்ளைக்கும் இது நல்ல வழி.

14-க்குக் கீழே வீட்டில் வைப்பதில் இரண்டு ஆபத்துகள். ஒன்று, வேலை. பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத் தொழிலில் பிள்ளை கைகொடுக்கலாம் என்று சட்டம் விட்டிருக்கிறது. பள்ளி நேரமே இல்லாத பிள்ளைக்கு அந்த வெளியே எது? மீன் கூடையும், இட்லிக் கடையும், மெக்கானிக் ஷெட்டும் பகலை மெல்ல மெல்லத் தின்றுவிடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, ஆனாலும் அப்படித்தான் ஆகிறது.

மற்றது பெண் பிள்ளைகள். வீட்டிலிருக்கும் பெண் பிள்ளையிடம் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வோம், தண்ணி பிடிக்கச் சொல்வோம், சமைக்கச் சொல்வோம். அப்புறம் வரன் பேச ஆரம்பிப்பார்கள். படிப்பு நின்றுவிட்டது என்று ஊர் சொல்லும், வீட்டுக் கல்வி என்று நாம் சொன்னால் காதில் வாங்காது. மகளுக்காக இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பகலில் அவள் நேரம் அவளுடையதாக இருக்கும் என்று வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாக ஆண்கள், ஒப்புக்கொண்டு நடந்தால் மட்டும் யோசியுங்கள்.

## மாநிலத் தனித்தேர்வு

அரசுத் தேர்வுகள் இயக்ககம் 8-ஆம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விடுகிறது, 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். 8 தேறினால் 10 எழுதலாம். நம் பாடப் புத்தகங்களே, நம் தமிழே, பிடிஎஃப் ஆக இலவசம். ஏற்கெனவே படிப்பை நிறுத்தி, வேலைக்குப் போய், இப்போது தொடர நினைப்பவருக்கு இதுதான் சிக்கனமான வழி.

தவறவிடுவது ஒன்றுதான்: 10-ஆம் வகுப்பு அறிவியல் செய்முறைப் பயிற்சி. அதற்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்து, பயிற்சிக்கும் போக வேண்டும். அந்தத் தேதியை விட்டால் வருஷம் போச்சு. பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில் நெகிழ்ச்சி எதுவும் இல்லாததால், பிள்ளை தன் விருப்பப்படி கற்க இந்த வழி பெரிதாக உதவாது.

## மாற்றுப் பள்ளி

மான்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்து தங்கியது அடையாறில், பிரம்மஞான சபையில். கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையின் பள்ளி 1973-ல் தொடங்கியதும் அடையாறில்தான். பிள்ளை தன் வேகத்தில் கற்கும் மாற்றுக் கல்வி நகரத்தில் அந்தப் பக்கமே வளர்ந்ததற்கு இது ஒரு காரணம். ஆலைத் தொழிலாளர்களின், மீனவர்களின் வடக்குப் பக்கத்துக்கு அப்படி ஒரு புரவலர் வாய்க்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை.

2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, உண்மை. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துப் பள்ளிக்கு எட்டு வயதுப் பிள்ளை தினமும் மெட்ரோ, பஸ், ஆட்டோ என்று மாறிப் போய் வந்தால் மாலையில் மிச்சம் என்ன இருக்கும்? சுதந்திரமாகக் கற்க என்று சேர்த்து, விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பங்கைச் சாலையில் விடுகிறோம். கட்டணம் பல இடங்களில் லட்சத்தைத் தாண்டும். உடன் படிக்கும் பிள்ளைகளின் வாழ்க்கை வேறு, பிறந்தநாள் கொண்டாட்டம் வேறு, சுற்றுலா வேறு. அந்த இடைவெளியைப் பிள்ளை தனியாகச் சுமக்கும்.

கட்டணச் சலுகை உறுதியாகக் கிடைத்து, பள்ளிக்குப் பக்கத்திலேயே குடிமாறவும் முடிந்தால் சேருங்கள். நல்ல பள்ளிகள் அவை. கேம்பிரிட்ஜ் தேர்வைத் தனியாக எழுதுவதையும் சிலர் கேட்கிறார்கள். ஒரு பாடத்துக்கே பல ஆயிரம், வெளிநாட்டுப் படிப்பு உறுதி என்றால் மட்டும் பாருங்கள்.

## 10-க்கு அப்புறம் ஐடிஐ

கையால் செய்து கற்கும் பிள்ளைக்கு இதைத்தான் நான் மாற்றுக் கல்வி என்பேன். அரசு ஐடிஐ-யில் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள். 71 அரசு ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். உங்களுக்குக் கிட்டும் ஐடிஐ எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். இரண்டு வருஷ ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப்., எண்ணூர் அசோக் லேலண்ட் எல்லாம் பக்கத்தில்தான். மறைவான விலை உறவினர் பேச்சு. "மார்க் வரலையா, அதான் ஐடிஐ-யா?" என்று கேட்பார்கள். பிள்ளை முன்னால் அந்தப் பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்லிவிட வேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | பகலில் பெரியவர் | முக்கிய இழப்பு | திரும்பும் வழி |
|---|---|---|---|
| பள்ளி + மாலை | தேவையில்லை | பகல் நேரம் | தேவைப்படாது |
| வீடு + என்.ஐ.ஓ.எஸ். | கட்டாயம் | 7.5%, உதவித்தொகைகள், தோழமை | 14 வரை எளிது, பின்பு கடினம் |
| தனித்தேர்வு | தேர்வு நேரத்தில் துணை | பள்ளிச் சலுகைகள் | 10 தேறினால் மேல்நிலைப் பள்ளி |
| மாற்றுப் பள்ளி | தேவையில்லை | பணம், பயண நேரம் | எளிது, ஆனால் 7.5% போகும் |
| ஐடிஐ | தேவையில்லை | வழக்கமான +2 | டிப்ளமோ, பி.இ. |

## டி.சி. கேட்பதற்கு முன்

எமிஸ் எண் (பள்ளிப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்), மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதாரில் உள்ள பெயரின் எழுத்து, பிறந்த தேதி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பள்ளியில் பெயர் இருக்கும்போது திருத்துவது சுலபம். வெளியே வந்த பின் ஒவ்வொரு எழுத்துக்கும் அலைய வேண்டும்.

அடுத்து, ஒரு முழுக் கோடை விடுமுறையை வீட்டுக் கல்வியாகவே நடத்திப் பாருங்கள். பிள்ளை காலையில் எதை எடுக்கிறது, எத்தனை நாளில் சலிக்கிறது, போனைத் தவிர வேறு என்ன தேடுகிறது, அந்தப் பகலில் வீட்டு வேலை எவ்வளவு அதன் தலையில் விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் அந்த நோட்டைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள். 12 வயதுக்கு மேல் என்றால் முடிவில் பாதி அதனுடையதாக இருக்கட்டும்.